ஆள் இல்லாத மாநிலத்தில் லாரிகள் ஏன் குவியல் குவியலாக மோதுகின்றன? வயோமிங்கின் ஐ-80 நெடுஞ்சாலை

2025 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிரீன் ரிவர் என்ற சிற்றூரை ஒட்டி மலையைக் குடைந்து போட்டிருக்கும் சுரங்கச் சாலையில் 26 வாகனங்கள் அடுத்தடுத்து மோதின. சுரங்கத்துக்குள்ளேயே தீப்பிடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். சிக்கியவற்றில் பாதிக்கு மேல் சரக்கு வண்டிகள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2020 மார்ச் 1 அன்று, இதே ஐ-80 நெடுஞ்சாலையில் வாம்சட்டர் என்ற ஊருக்கு அருகில் நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் குவிந்தன. அதிலும் மூன்று உயிர் போனது.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. நெரிசல் உள்ள இடத்தில்தானே வண்டிகள் மோதிக்கொள்ள வேண்டும்? வயோமிங்கில் மக்களே இல்லையே. சாலை அகலம், வளைவு குறைவு, குறுக்கே ஓடும் மாடுகூட அரிது. அங்கே எப்படி ஒரே இடத்தில் நூறு வண்டிகள்?

பதில் ஒரு வார்த்தையில் அடங்குவதல்ல. ஆனால் விபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் முட்டுகிறோம். அந்தச் சாலையில் ஓடுவது எளிது, நிற்பதுதான் கடினம். பிரேக் பிடித்து நிற்பதும் கடினம், ஒதுங்கி நிற்க இடம் கிடைப்பதும் கடினம், "இன்று இதற்கு மேல் போக வேண்டாம்" என்று முடிவெடுத்து நிற்பது எல்லாவற்றையும்விடக் கடினம்.

## இடமும் சாலையும்

வயோமிங்கின் பரப்பு சுமார் 2,53,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5,76,851. ஐம்பது மாநிலங்களில் இதுவே கடைசி. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர், கொஞ்சம் கூட.

இந்த மாநிலத்தின் தென்விளிம்பில் கிழக்கு மேற்காக ஓடுகிறது ஐ-80. நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சியில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோ வரை நாட்டையே குறுக்காக அளக்கும் சாலை இது. அதில் வயோமிங்கின் பங்கு 403 மைல், அதாவது 648 கிலோமீட்டர். வழியில் சொல்லும்படியான ஊர்கள் ஆறு: செயென், லாரமி, ராலின்ஸ், ராக் ஸ்பிரிங்ஸ், கிரீன் ரிவர், எவன்ஸ்டன். லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே 160 கிலோமீட்டர். ராலின்ஸுக்கும் ராக் ஸ்பிரிங்ஸுக்கும் இடையே அதைவிடச் சற்று அதிகம். நடுவில் இருப்பதெல்லாம் புதர்க்காடு, காற்று, எண்ணெய்க் கிணறுகள், ஒன்றிரண்டு பெட்ரோல் பங்க்.

அப்படியானால் லாரிகள் ஏன் இந்த வழியாகப் போகின்றன? ராக்கி மலைத்தொடரைத் தாண்டியாக வேண்டும், அதற்கு இருப்பதில் இதுதான் சாய்வு குறைந்த வழி. தெற்கே கொலராடோவில் போகும் ஐ-70 சாலை 11,000 அடிக்கு மேல் ஏறி ஐசனோவர் சுரங்கத்தைக் கடக்கிறது. ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஏழு வரை வரும். முழு லோடு ஏற்றிய லாரிக்கு அது எஞ்சினையும் பிரேக்கையும் வதைக்கும் பாதை. 1860களில் கண்டம் கடக்கும் முதல் ரயில் பாதையைப் போட்டவர்களும் இதே காரணத்துக்காகத்தான் வயோமிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கும், ஓக்லண்டு துறைமுகத்திலிருந்து கிழக்கு மாநிலங்களுக்கும் போகிற சரக்கு இந்த வழியாக நகர்கிறது. ஆண்டுக்கு 3.2 கோடி டன்னுக்கு மேல். சாலையில் ஓடும் வாகனங்களில் லாரிகளின் பங்கு 30 முதல் 55 விழுக்காடு. சில பருவங்களில் 70 விழுக்காடு வரை போகும். இந்த லாரிகளில் பெரும்பாலானவை வயோமிங்கில் எதையும் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. வெறுமனே கடந்து போகின்றன.

## எண்ணைப் படிப்பதில் ஒரு கண்ணி

"மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் அமெரிக்காவின் ஆபத்தான மாநிலங்களில் ஒன்று வயோமிங்" என்று அவ்வப்போது தலைப்புகள் வரும். 2022இல் அங்கே சாலை விபத்துகளில் 134 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு 23. நாட்டின் சராசரி 12.8. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கணக்கு சரிதான். ஆனால் வகுக்கும் எண்ணில் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையிலோ கடந்து போகிறவர்களும் சேர்கிறார்கள். நியூ ஜெர்சி டிரைவர் ராலின்ஸ் அருகே இறந்தால் அவர் வயோமிங் கணக்கில் வருவார். அவரைப் போல நாள்தோறும் கடக்கும் ஆயிரக்கணக்கானோர் வகுக்கும் எண்ணில் வரமாட்டார்கள். உள்ளூர்க்காரர்களும் மற்ற மாநிலத்தவரைவிட மிக அதிக தூரம் ஓட்டுகிறார்கள், மளிகை வாங்கவே 80 கிலோமீட்டர் போகும் ஊர்கள் உண்டு.

இதைச் சரிசெய்ய இன்னொரு அளவு இருக்கிறது. வாகனங்கள் ஓடிய மொத்த தூரத்தில் 10 கோடி மைலுக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்ப்பது. அந்தக் கணக்கில் 2022இல் நாட்டின் சராசரி 1.33. வயோமிங்கும் அதையொட்டியே வருகிறது. அதாவது அங்கே ஒரு கிலோமீட்டர் ஓட்டுவது மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு ஆபத்தானது என்று பொருளல்ல.

சரி, அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. சராசரி என்பது நல்ல நாளையும் கெட்ட நாளையும் கலந்து காட்டும். கோடைக்காலத்தில் ஐ-80 அமைதியான சாலை. குளிர்காலத்தில் பலத்த காற்று வீசும் நேரங்களில் அதே சாலையின் விபத்து வீதம் கோடையைப் போல 3 முதல் 5 மடங்கு வரை ஏறுகிறது. ஆபத்து ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கவில்லை, சில நாள்களில், சில மைல்களில் திரண்டு நிற்கிறது.

## 1970இல் எடுத்த ஒரு முடிவு

அந்தச் சில மைல்கள் எவை என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சாலை போடும் முன்பே தெரியும்.

லாரமியிலிருந்து மேற்கே போக ஏற்கனவே ஒரு சாலை இருந்தது. யூ.எஸ்.30 என்ற பழைய லிங்கன் நெடுஞ்சாலை. அது நேராகப் போகாமல் வடக்கே வளைந்து, ராக் ரிவர், மெடிசின் போ ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகும். ரயில் பாதையும் அப்படித்தான் வளைந்து போகிறது. ஐ-80 திட்டமிட்டபோது, வளையாமல் எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டி நேராகப் போட்டால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மிச்சம் என்று மத்திய அரசுத் தரப்பு நினைத்தது. அங்கே பண்ணை வைத்திருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். மலை அடிவாரத்தில் பனியும் காற்றும் எப்படி இருக்கும் என்று அவர்கள் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள்.

நேர்வழிதான் ஜெயித்தது. 1970 அக்டோபர் 3 அன்று லாரமிக்கும் வால்காட் சந்திப்புக்கும் இடையிலான 77 மைல் திறக்கப்பட்டது. நான்கே நாளில் பனிப்புயல் வந்து சாலையை மூட வைத்தது. அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் போரில் வட வியட்நாம் படைகளுக்குத் தளவாடம் போன ஹோ சி மின் பாதையின் பெயரைத் திரித்து 'ஸ்னோ சி மின் பாதை' என்று இந்தத் துண்டுக்கு ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று அந்தப் பக்கம் போனால் ஆர்லிங்டன் அருகே ஃபூட் கிரீக் மேட்டில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைப் பார்க்கலாம். அமெரிக்காவிலேயே காற்று நன்றாக வீசும் இடங்களில் ஒன்று என்று தேடிப்பிடித்து அங்கே நட்டார்கள். லாரிகளைப் புரட்டுவதும் அதே காற்றுதான்.

## மூன்று ஆபத்துகள்

1. காற்று

ஒரு பெட்டி ட்ரெய்லரின் நீளம் 53 அடி, சுமார் 16 மீட்டர். பக்கவாட்டில் அது ஏறத்தாழ 47 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சுவர். பாய்மரம் என்றே சொல்லலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று அந்தச் சுவரில் மோதினால் இரண்டு டன் அளவுக்கு விசை பக்கவாட்டில் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

முழு லோடு ஏற்றிய லாரியின் எடை சட்டப்படி 80,000 பவுண்டு வரை போகலாம், அதாவது 36 டன். அதைப் புரட்டுவது காற்றுக்கும் எளிதல்ல. காலி வண்டி 15 டன் சொச்சம்தான் இருக்கும், அதிலும் ட்ரெய்லர் மட்டும் ஆறு ஏழு டன். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிதான் முதலில் சாய்கிறது. உருளைக்கிழங்கு சிப்ஸ், வெற்று அட்டைப்பெட்டி மாதிரி இடத்தை அடைக்கும், எடை இல்லாத சரக்கு ஏற்றிய வண்டியும் அப்படியே. நான்கு ஆண்டுகளில் மட்டும் இந்த நெடுஞ்சாலையில் 200க்கும் மேற்பட்ட லாரிகளைக் காற்று புரட்டியிருக்கிறது.

இதனால்தான் வயோமிங்கின் அறிவிப்புப் பலகைகளில் "எடை குறைந்த, உயரமான வாகனங்களுக்குச் சாலை மூடப்பட்டது" என்று ஒரு தனி வகை உண்டு. சாலை திறந்திருக்கும், கார் போகலாம், லோடு வண்டி போகலாம், காலி வண்டி போகக் கூடாது.

2. தரையோடு ஓடும் பனி

இதை அங்கே தரைப் பனிப்புயல் என்கிறார்கள். வானத்திலிருந்து ஒரு துளி பனிகூட விழாது. மேலே நீலவானமும் வெயிலும் இருக்கும். முன்னர் விழுந்து கிடந்த உலர்பனியைக் காற்று வாரிக்கொண்டு தரையை ஒட்டி ஓடும். ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் திரை. அது சாலையைக் கடக்கிற இடத்தில் முன்னால் போகும் கார் மறைந்துவிடும். நூறு மீட்டர் தள்ளி மறுபடி எல்லாம் தெளிவாகத் தெரியும்.

இதில் ஒரு கொடுமையான நுணுக்கம் இருக்கிறது. லாரி டிரைவரின் இருக்கை உயரமானது. திரை தாழ்வாக இருந்தால் அவர் அதற்கு மேலே பார்க்கிறார். தூரத்தில் போகும் மற்ற லாரிகளின் கூரை அவருக்குத் தெரிகிறது, பாதை காலியாக இருப்பதாக நினைத்து அதே வேகத்தில் வருகிறார். திரைக்கு உள்ளே, அவருக்கு முன்னால், ஒரு கார் தவழ்ந்துகொண்டிருக்கலாம்.

3. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியும் இறக்கமும்

லாரமிக்கும் செயெனுக்கும் இடையே ஷெர்மன் உச்சி 8,640 அடி. ஐ-80 முழுவதிலும் இதைவிட உயரமான இடம் இல்லை. அங்கிருந்து லாரமிக்கு இறங்கும்போது சில மைல்களுக்குள் 400 மீட்டருக்கு மேல் கீழே வருகிறோம். வெயிலில் உருகிய பனி நிழலில் உறைந்து, கறுப்புத் தாரின் மேல் கறுப்பாகவே தெரியும் கண்ணாடிப் படலமாக நிற்கும். வழக்கமாக இறக்கத்தில் உதவும் எஞ்சின் பிரேக்கை அந்தப் படலத்தின் மேல் போட்டால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். ட்ரெய்லர் தள்ள, லாரி பேனாக்கத்தி மாதிரி மடங்கிச் சாலையை அடைத்துக்கொள்ளும்.

பாலங்களும் சுரங்க வாய்களும் இதே வகைதான். சுரங்கத்துக்குள் உலர்ந்த தார், வெளியே வந்த மறுகணம் பனி. உள்ளே இருப்பவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்னால் வருபவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. கிரீன் ரிவரில் மேற்கு நோக்கிப் போகும் சுரங்கத்தின் வெளிவாயை ஒட்டித்தான் முதல் வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்தன. மற்றவை பின்னாலிருந்து உள்ளே வந்துகொண்டே இருந்தன.

## ஒன்று எப்படி நூறாகிறது

மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு கார், டிரைவர் ஆபத்தைக் கண்ட நொடியிலிருந்து முழுமையாக நிற்க சுமார் 96 மீட்டர் எடுக்கும். முழு லோடு லாரிக்கு 160 மீட்டர். இது உலர்ந்த, நல்ல சாலைக்கான கணக்கு. பனிக்கட்டியில் இந்தத் தூரம் பல மடங்கு நீளும்.

வயோமிங்கின் ஐ-80இல் வேக வரம்பு பெரும்பாலும் 75 மைல், சில பகுதிகளில் 80. திரைக்குள் 50 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 50 மீட்டரைக் கடக்க இரண்டு விநாடிகூட ஆகாது. பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்றரை விநாடி ஆகும்.

இப்போது காட்சியை அடுக்கிப் பாருங்கள். ஒரு காலி லாரி சாய்கிறது. அதற்குப் பின்னால் வந்தவர் கவனமானவர், வேகத்தைக் குறைக்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கு அவர் தெரியவில்லை. மோதுகிறார். பின்னால் ஒவ்வொரு நிமிடமும் புதிய வண்டிகள் 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திரைக்குள் நுழைகின்றன. திரும்ப வழியில்லை, எதிர்ச்சாலை வேறு தடம். பிரிந்து போக அடுத்த விலகுபாதை பத்து மைல் பின்னால் இருக்கலாம். முதலில் மோதியதில் உயிர் தப்பி, அடிபட்டவருக்கு உதவ இறங்குபவர்கள் அடுத்து வரும் லாரியிடம் சிக்குவதுதான் இதில் நெஞ்சை அடைக்கும் பகுதி.

பெரிய லாரி விபத்துகளில் இறப்பவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கா முழுவதும் பார்த்தால் பத்தில் ஏழு பேர் லாரியில் இருந்தவர்கள் அல்ல, மற்ற வாகனங்களில் இருந்தவர்கள்.

## டிரைவரின் கடிகாரம்

"இவ்வளவு தெரிந்தும் ஏன் ஓட்டுகிறார்கள்? நின்றுவிட வேண்டியதுதானே" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உள்ளேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவருக்கு வேலைநேர விதி உண்டு. 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினால் அடுத்த 14 மணி நேரத்துக்குள் மட்டுமே ஓட்டலாம். அந்த 14க்குள் ஓட்டும் நேரம் 11ஐத் தாண்டக் கூடாது. 2017 டிசம்பர் முதல் இதைப் பெரும்பாலான லாரிகளில் எஞ்சினோடு இணைந்த ஒரு மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. முன்பு போலக் காகிதத்தில் நேரத்தைத் திருத்தி எழுத முடியாது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதைத் தடுக்க வந்த நல்ல விதி இது. ஆனால் அந்த 14 மணி நேரக் கடிகாரம் ஒருமுறை ஓடத் தொடங்கினால் புயலுக்காகவோ கிடங்கில் காத்திருப்பதற்காகவோ பொதுவாக நிற்பதில்லை.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கிழக்கே நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் ஒரு டிரைவர் காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்குகிறார். கிடங்கில் லோடு ஏற்ற மூன்று மணி நேரம் காத்திருக்கிறார். 9 மணிக்குக் கிளம்பி, நடுவில் கட்டாய அரை மணி இடைவேளை எடுத்து, ஏறத்தாழ 545 மைல் ஓட்டி லாரமியை அடையும்போது 12 மணி நேரம் முடிந்திருக்கும். மிச்சம் இரண்டு. அங்கே பலகையில் "முன்னே 65 மைல் வேகத்துக்கு மேல் காற்று" என்று எரிகிறது. லாரமியின் லாரி நிறுத்துமிடங்கள் மாலையிலேயே நிரம்பிவிட்டன. அடுத்த ஊர் ராலின்ஸ், ஒன்றரை மணி நேரம். இப்போதே போனால் கடிகாரத்துக்குள் போய்ச் சேரலாம். ஒரு மணி நேரம் காத்திருந்து காற்று தணியட்டும் என்று பார்த்தால் ராலின்ஸும் கிடையாது, லாரமியிலும் இடம் கிடையாது.

மோசமான வானிலை என்றால் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்ட விதியில் இடமுண்டு, 14 மணி நேர வரம்பும் அந்த அளவுக்கு நீளும். ஆனால் அது புறப்படும்போது முன்கூட்டியே தெரிந்திராத வானிலைக்கு மட்டும். முன்பே அறிவித்த புயலுக்காக நிற்பவருக்குக் கடிகாரம் இந்தச் சலுகையைத் தருவதில்லை.

கூலிக்கும் இதே குணம்தான். நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலானோருக்கு மைல் கணக்கில் கூலி. மைலுக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொண்டால் லாரமி–ராலின்ஸ் நடை 60 டாலர். நின்றால் பூஜ்யம். 1938 முதல் இருக்கும் தொழிலாளர் சட்டத்தின் ஒரு விலக்கால் இவர்களில் பலருக்கு மிகைநேரக் கூலியும் கிடையாது. கிடங்கில் நின்ற மூன்று மணி நேரத்துக்குப் பல நிறுவனங்களில் காசே வராது, வந்தாலும் பெயருக்கு.

இதை எல்லாம் கூட்டிப் பார்த்தபின், புயலுக்குள் ஓட்டிய டிரைவரை "அலட்சியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அலட்சியக்காரர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிற்பவருக்கு ஒவ்வொரு பக்கமும் இழப்பு வைத்துவிட்டு, நிற்கவில்லையே என்று கோபப்படுவது நியாயமில்லை.

## சாலையை மூடுவது என்பது என்ன

நிலைமை கைமீறும்போது மாநிலப் போக்குவரத்துத் துறை சாலையையே மூடுகிறது. ரயில்வே கேட் மாதிரித் தடுப்புகள் சாலையின் நுழைவுகளில் நிரந்தரமாக நிற்கின்றன. மூடிய சாலையில் நுழைந்தால் 750 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை.

ஆனால் மூடுவது எளிதல்ல. ராலின்ஸின் மக்கள்தொகை எட்டாயிரத்துச் சொச்சம். அங்கே தடுப்பை இறக்கினால் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான லாரிகள் ஊருக்குள் நிரம்பும். தெருவோரம், கடைவாசல், விலகுபாதை எல்லாம் லாரி. ஆம்புலன்ஸ் நகர வழியிருக்காது. அதனால் அங்கே 'தொடர் மூடல்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ராலின்ஸ் நிரம்பினால் அதற்கு முந்தைய ஊரில் மூடுவது, அது நிரம்பினால் அதற்கும் முந்தைய ஊரில். செயெனில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே "சாலை மூடப்பட்டது" என்று சொன்னால் வெளியூர்க்காரருக்குப் புரியாது, கோபம் வரும். புயல் இருப்பது 200 கிலோமீட்டருக்கு அப்பால், இடம் தீர்ந்தது நடுவில் உள்ள ஊர்களில்.

இன்னொரு தொல்லை கைப்பேசியின் வழிகாட்டி. ஐ-80 மூடியதும் அது கிராமத்து மண்சாலையைக் காட்டும். அதை நம்பிப் போய்ப் பனியில் புதைந்தவர்களை மீட்கவே தனியாக ஆட்கள் போக வேண்டியிருக்கிறது. டென்வரிலிருந்தோ சால்ட் லேக் சிட்டியிலிருந்தோ யெல்லோஸ்டோன் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வயோமிங்கில் மாநிலத்தின் 511 தகவல் சேவை சொல்வதுதான் கணக்கு, கைப்பேசி வரைபடம் அல்ல.

## அடிபட்ட பிறகு

வயோமிங்கில் முதல் நிலை விபத்துக் காய சிகிச்சை மையம் ஒன்றுகூட இல்லை. மிக மோசமாக அடிபட்டவரை டென்வருக்கோ சால்ட் லேக் சிட்டிக்கோ வான்வழி கொண்டுபோக வேண்டும். விபத்துக்குக் காரணமான அதே காற்றில் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. தரைவழி போகலாம் என்றால் சாலை லாரிகளால் அடைபட்டிருக்கிறது. ஊர்ப்புறங்களில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வேலையைப் பல இடங்களில் தன்னார்வலர்கள் பார்க்கிறார்கள். கடை வைத்திருப்பவர், பள்ளி ஊழியர், பண்ணைக்காரர் என்று வேறு வேலை உள்ளவர்கள். நூறு வண்டி விபத்தில் முதலில் வந்து நிற்பது அவர்கள்தான்.

அமெரிக்காவில் ஐந்தில் ஒருவர் கிராமப்புறத்தில் வாழ்கிறார். சாலையில் இறப்பவர்களிலோ ஐந்தில் இருவர் கிராமப்புறச் சாலைகளில் இறக்கிறார்கள். வேகம் ஒரு காரணம், மருத்துவமனையின் தூரம் இன்னொன்று. சீட் பெல்ட் மூன்றாவது. வயோமிங்கில் பெல்ட் போடாததற்காக மட்டும் வயது வந்த டிரைவர் எவரையும் போலீஸ் நிறுத்த முடியாது. வேறு தவறுக்காக நிறுத்தினால்தான் சேர்த்து அபராதம் போடலாம். இதை மாற்றக் கொண்டுவந்த மசோதாக்கள் தோற்றுவிட்டன. காசு செலவில்லாமல் உயிர் காக்கும் வழி ஒன்று இருந்தும் அதை எடுக்க மறுப்பது வருத்தமாக இருக்கிறது.

## எது வேலை செய்தது

1. பனித்தடுப்பு வேலி. 1970இன் அனுபவத்துக்குப் பிறகு, 1971 முதல் எல்க் மலைப் பகுதியில் பெரிய மரவேலிகள் போட்டார்கள். ரொனால்ட் டேப்லர் என்ற ஆய்வாளர் இதை ஓர் அறிவியலாகவே வளர்த்தார். வேலி பனியை மறிக்கும் சுவர் அல்ல. அதில் பாதி இடைவெளிதான், கீழேயும் கொஞ்சம் திறந்திருக்கும். காற்று ஊடே போகும்போது வேகம் குறைந்து, சுமந்துவந்த பனியை வேலிக்குப் பின்னால் போட்டுவிடும். அந்தக் குவியல் வேலி உயரத்தைப் போல 35 மடங்கு தூரம் வரை நீளும். ஆகவே 12 அடி வேலியைச் சாலையிலிருந்து 125 மீட்டருக்கு மேல் தள்ளிப் போட வேண்டும். சாலைக்குப் பக்கத்திலேயே போட்டால் குவியல் சாலை மேலேயே விழும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். வேலி உள்ள இடங்களில் சாலை மேல் ஓடும் பனியும் விபத்தும் தெளிவாகக் குறைந்தன. இந்த நெடுஞ்சாலையில் இதுவரை செய்ததில் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

2. மாறும் வேக வரம்பு. 2009 பிப்ரவரியில் எல்க் மலைப் பகுதியில் தொடங்கினார்கள். வானிலைக்கு ஏற்ப 75 என்ற எண் 55 ஆகும், 35 ஆகும். எல்லோரும் கேட்பதில்லை. ஆனால் வேகம் ஒரு சீராக இறங்கினால்கூடப் பலன் உண்டு. ஒருவர் 40இலும் பின்னால் வருபவர் 75இலும் போவதுதான் குவியலுக்குத் தொடக்கம்.

3. பேசும் லாரிகள். 2015இல் மத்திய போக்குவரத்துத் துறை மூன்று இடங்களை ஒரு சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது: நியூயார்க் நகரம், ஃபுளோரிடாவின் டாம்பா, அப்புறம் வயோமிங்கின் ஐ-80. சாலையோரம் 75 ரேடியோ கருவிகள், சுமார் 400 வாகனங்களில் அதோடு பேசும் கருவி. முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருபவரின் திரையில், கண்ணால் பார்க்கும் முன்பே, எச்சரிக்கை வரும். தரைப் பனிப்புயலுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது. ஆனால் 2020 நவம்பரில் அந்த அலைவரிசையின் பெரும்பகுதியை வைஃபைக்கு ஒதுக்கி, மிச்சத்தை வேறொரு தொழில்நுட்பத்துக்குக் கொடுக்க மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் முடிவெடுத்தது. வயோமிங் பயன்படுத்திய தொழில்நுட்பத்துக்கு அதோடு எதிர்காலம் இல்லாமல் போனது.

4. லாரி நிறுத்துமிடம். பட்டியலில் எளிமையானது. ஒரு சரளை மைதானம், விளக்கு, கழிப்பறை, பனி தள்ளும் வண்டி. மேலே பார்த்த லாரமி டிரைவருக்கு அன்று தேவைப்பட்டது இவ்வளவுதான்.

## பணம் யார் கொடுப்பது

நிறுத்துமிடமும் கூடுதல் தடங்களும் கேட்டால் உடனே எழும் கேள்வி இது. வயோமிங்கில் வருமான வரி இல்லை. எரிபொருள் வரி காலனுக்கு 24 சென்ட், 2013இல் 14லிருந்து உயர்த்தியது. லாரிகள் பக்கத்து மாநிலத்தில் டீசல் நிரப்பிக்கொண்டு இங்கே வரி கட்டாமல் போய்விடுகின்றன என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. மாநிலங்களுக்கு இடையே ஒரு வரி ஒப்பந்தம் இருக்கிறது. எங்கே நிரப்பினாலும் எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியதோ அந்த விகிதத்தில் வரி பிரிந்து போய்ச் சேரும்.

சேர்வது எவ்வளவு என்று பார்ப்போம். லாரி காலனுக்கு ஆறரை மைல் கொடுக்கும் என்றால் 403 மைலுக்கு 62 காலன். 24 சென்ட் வீதம் 15 டாலருக்குச் சற்றுக் குறைவு. 36 டன் வண்டி ஒன்று மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி, தாரைத் தேய்த்து, பனி தள்ளும் வண்டியையும் போலீஸையும் தன்னார்வ ஆம்புலன்ஸையும் நம்பிக் கடந்து போவதற்கு மாநில எரிபொருள் வரியாகக் கிடைப்பது அந்த 15 டாலர்.

அதனால் ஐ-80க்குச் சுங்கம் வசூலிக்கலாம் என்ற யோசனை பத்தாண்டுக்கும் மேலாக வயோமிங் சட்டமன்றத்தில் வந்து வந்து போகிறது. ஏற்கனவே இருக்கும் தேசிய நெடுஞ்சாலையில் புதிதாகச் சுங்கம் போட மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டும். லாரித் தொழில் அமைப்புகள் எதிர்க்கின்றன. தங்கள் ஊருக்குள் போகவே காசு கட்ட வேண்டுமா என்று உள்ளூர் மக்களும் கேட்கிறார்கள். மசோதாக்கள் இதுவரை நிறைவேறவில்லை.

மெடிசின் போ வழியாகப் போகும் பழைய யூ.எஸ்.30 சாலை இன்னும் இருக்கிறது. எல்க் மலையடியில் ஐ-80 மூடும் நாள்களில் அதையும் பெரும்பாலும் வெளியூர் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். இரண்டே தடம் உள்ள அந்தச் சாலை ஐ-80இன் லாரிகளைத் தாங்காது.